ஜானியின் கடைசி மூச்சு

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் மயிலாடுதுறை பக்கம். எங்கள் ஜானி போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. எனக்குக் கல்யாணமான புதிதில், மழையில் நனைந்து மாட்டுக் கொட்டகையில் ஒண்டியிருந்த குட்டியை என் மாமனார் தூக்கி வந்தார். நாட்டு நாய்தான். 12 வருடம் எங்களோடு இருந்தான். மாமனாரின் டிவிஎஸ் 50 சத்தம் கேட்டால் தெருமுனைக்கே ஓடுவான். மாமனார் இப்போது இல்லை.

இந்தக் கோடையில் ஜானி நிறைய தண்ணீர் குடித்தான். வெயிலுக்கு என்று விட்டுவிட்டேன். பிறகு சாப்பாட்டை விட்டான், வாந்தி எடுத்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தால், கிட்னி வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு 11. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ஒரு வாரம் டிரிப் ஏற்றியும் எழுந்திருக்கவில்லை. “இதுக்கு மேல கஷ்டப்பட விடாதீங்க” என்று டாக்டர் ஊசிக்குச் சம்மதம் கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். கையெழுத்துப் போட்டது நான்தான். என் கைமேல் தலையை வைத்துப் படுத்திருந்தான். ஊசி போட்டும் கண்ணை மூடவே இல்லை. முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு தடவை பெரிதாக மூச்சை இழுத்தான். அப்போது உயிர் இருந்ததா? வலித்ததா? அதுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. போனில் அவன் படம் வந்தால் தள்ளிவிடுகிறேன்.

பையனுக்கு 8 வயது. அவன் ஸ்கூலுக்குப் போயிருந்தபோது கொல்லையில் புதைத்துவிட்டு, ஜானி ஆஸ்பத்திரியில் தூங்குகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். “நான் பிஸ்கட் குடுத்ததாலயாம்மா?” என்று கேட்டான். மாமியார் சரியாகச் சாப்பிடுவதில்லை. புதைத்த இடத்தில் விளக்கு வைக்கிறார், திதி கொடுக்கலாமா என்று கேட்கிறார், ஹாலில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் ஜானி படத்தை மாட்டச் சொல்கிறார். நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் உடனே வேறு குட்டி எடுக்கலாம் என்கிறார். தெருவில், “மனுஷன் செத்தாக்கூட இப்படி அழமாட்டா” என்கிறார்கள். சோறு வடித்ததும் அவனுக்கென்று உப்பில்லாமல் ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் நினைவு வருகிறது. அவனை எப்படி நினைத்துக்கொள்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்தக் கடைசி மூச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெளியாமல் நான் வேறு எது சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

ஜானிக்கு வலிக்கவில்லை. இதற்குப் போடுகிற ஊசி பெரும்பாலும் மயக்க மருந்துதான். தயோபென்டோன், பென்டோபார்பிட்டால் என்கிற வகை. அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுப்பதைவிட மிக அதிக அளவில் ரத்தக் குழாயில் செலுத்துவார்கள். சில நொடிகளில் நினைவு போய்விடும். அதன் பிறகுதான் மூச்சு நிற்கும், அப்புறம் இதயம். வலியை உணர மூளையில் விழிப்பு வேண்டும். ஊசியில் முதலில் அணைவது அந்த விழிப்புதான். எல்லாம் அடங்கிய பிறகு சில நாய்களுக்கு மூச்சுத் தசைகள் தாமாகவே ஒன்றிரண்டு தடவை சுருங்கி விரியும். பார்ப்பவர்களுக்கு அது பெருமூச்சு மாதிரி இருக்கும். கால் லேசாகத் துடிக்கும், சிறுநீர் போகும். ஜானி போன பிறகு உடம்பு தானாகச் செய்தது அது. கண்ணும் அப்படித்தான். இமையை மூடவும் தசை வேலை செய்ய வேண்டும், தசை தளர்ந்துவிட்டால் கண் திறந்தபடியே நின்றுவிடும். நாய்களில் பெரும்பாலும் கண் திறந்துதான் இருக்கும். அவன் உங்களைப் பார்த்துக்கொண்டே தவித்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடலாம். ஊசி போடும் முன்பே இதையெல்லாம் வீட்டாருக்குச் சொல்லி வைப்பது எங்கள் வேலை. சொல்லாமல் விட்டால் அந்த ஒரு காட்சி வருடக்கணக்கில் மனதை அரிக்கும்.

அடுத்தது தண்ணீர். நாய் நிறையக் குடிப்பது கிட்னி நோயின் முதல் அறிகுறிகளில் ஒன்று, உண்மைதான். ஆனால் கிட்னியில் இருக்கிற சிக்கலே அது கடைசிவரை சமாளித்துக்கொண்டு ஓடும் என்பதுதான். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் தண்ணீர் தாகம் வெளியே தெரியும். முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். நாய்களில் அது 5ஐத் தாண்டினாலே கடைசிக் கட்டம் என்று வைத்திருக்கிறோம். ஜானிக்கு 11. வயதான நாய்க்கு இப்படி மெல்ல மெல்லக் கெட்ட கிட்னி திரும்ப வராது. இன்னும் கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் சாப்பாட்டை மாற்றி, மருந்து கொடுத்து, சில மாதங்கள் கூட்டியிருக்க முடிந்திருக்கலாம். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் சித்திரை வெயிலில் நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, வெயிலுக்குக் குடிக்கிறது என்று நினைத்தது கவனக்குறைவு ஆகாது. நம் ஊரில் அந்தக் கோடையில் எல்லா நாயும் அப்படித்தான் குடித்திருக்கும்.

கையெழுத்துக்கு வருகிறேன். நீங்கள் போடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? கழிவு உடம்பிலேயே தங்கி, வாயெல்லாம் புண்ணாகி, மூச்சில் ஒரு காரமான வாடை வந்து, தண்ணீர்கூட உள்ளே தங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்திருப்பான். சிலவற்றுக்கு வலிப்பும் வரும். அது ஒரு நாளில் முடியாது. அந்த நாட்களை அவனுக்கு வரவிடாமல் தடுத்தது உங்கள் கையெழுத்து. அப்புறம், பழக்கமில்லாத இடத்தில், மருந்து வாடைக்கு நடுவில், மூக்கால் உலகத்தை அறிகிற ஒரு உயிருக்குக் கிடைத்த தெரிந்த வாசனை உங்கள் கைதான். உங்கள் கணவர் வெளியே போனதைக் குறையாகச் சொல்லாதீர்கள். நிற்க முடியாதவர்கள் பலர், அவர்களுடைய பாசம் குறைந்தது ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் நின்றீர்கள். அவன் பயப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தெருவில் பேசுகிறவர்கள் விஷயம். ஒரு மனிதர் போனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சொந்தபந்தம் வந்து உட்காருகிறது. “எப்படி ஆச்சு?” என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். அதே கதையை நாம் நூறு தடவை சொல்கிறோம். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. பால் தெளிப்பு, 16ஆம் நாள் காரியம் என்று துக்கத்துக்கு ஒரு வழியும் ஒரு கணக்கும் இருக்கிறது. ஜானிக்கு இது எதுவும் கிடையாது. துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. அடுத்த நாளே பையனுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியிருந்தது. சொல்லாத கதை உள்ளேயே சுற்றுகிறது, அதுவும் கடைசி அரை மணி நேரம் மட்டும் சுற்றுகிறது. உங்கள் அழுகை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களை உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அதை வீட்டுக்குள் நீங்களே ஏற்பாடு செய்யலாம். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான், அதற்குத்தான் வருகிறேன். அதற்கு முன்னால் பையன்.

அவனிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள். 8 வயதில் சாவு என்றால் திரும்பி வராதது என்று நன்றாகப் புரியும். “தூங்குகிறான்” என்று சொன்னால், நாளைக்குப் பாட்டி மதியம் கண்ணயர்ந்தாலும் பயப்படுவான். தனக்கே ஒரு சின்ன ஆபரேஷன் என்று வந்து மயக்க ஊசி போட்டால் நடுங்கிப்போவான். தவிர, பிஸ்கட் பற்றி அவன் கேட்டதைக் கவனித்தீர்களா? ஒரு பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டால், பல நாளாக அதை மனதில் சுமந்திருக்கிறான் என்று அர்த்தம். மடியில் உட்கார வைத்து நேராகச் சொல்லுங்கள்: “ஜானி செத்துப்போயிட்டான்பா. வயசாகி கிட்னி கெட்டுப்போச்சு. பிஸ்கட்டால இது வராது, டாக்டரையே கேட்டோம். நாங்க சொல்லாம மறைச்சது தப்பு, உனக்குக் கஷ்டமா இருக்கும்னு பயந்துட்டோம்.” அவனை அந்தக் கொல்லைக்குக் கூட்டிப்போங்கள். கோபப்படுவான், “எனக்கு ஏன் காட்டலை?” என்று கேட்பான். கேட்கட்டும். அவன் விடைபெறுகிற வேலை இன்னும் நடக்கவே இல்லை. ஒரு பூ வைக்கட்டும், ஜானியின் பந்து இருந்தால் வைக்கட்டும்.

இனி நினைத்துக்கொள்வது. உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. குட்டியைத் தூக்கி வந்தது உங்கள் மாமனார். அவர் போன பிறகும், அவருடைய வண்டிச் சத்தத்தைத் தெரிந்த ஒரு ஜீவன் அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது. உங்கள் மாமியாருக்கு அது இரண்டாவது தடவை அவரை இழந்த மாதிரி. படத்தைப் பக்கத்தில் மாட்டச் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சாயங்காலம் காபி கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, மாமா அன்னைக்கு அந்தக் குட்டியைக் கொண்டுவந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவேளை, வேண்டாம் என்று திட்டியிருப்பார். அந்தக் கதை அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள், அவருடைய குரலோடு.

இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு ஜானி இருக்கிறான். உங்கள் கணவரிடம் இருக்கிற ஜானி விடியற்காலையில் வாய்க்கால் பக்கம் நடந்தவனாக இருக்கலாம். பையனிடம் இருப்பவன் பிஸ்கட்டைப் பங்கு போட்டவன். பால்காரரிடம், கீரைக்காரம்மாவிடம் கேளுங்கள், அவர்களும் ஏதாவது சொல்வார்கள். ஒரு நோட்டு வாங்கி எழுதுங்கள். பெரிய விஷயம் வேண்டாம். எந்தப் பக்கமாகச் சுருண்டு படுப்பான், யாரைப் பார்த்தால் மட்டும் குரைக்க மாட்டான், தீபாவளி வெடிக்கு எங்கே ஒளிவான், குளிப்பாட்டினால் எந்த மண்ணில் போய்ப் புரளுவான். இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் முதலில் மறக்கும், அதனால் இப்போதே எழுதுவது நல்லது. ஆஸ்பத்திரியில் கழிந்த அந்த ஒரு வாரத்தை அதில் எழுதாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அதையும் ஒரு பக்கம் எழுதுங்கள். 12 வருடத்தில் அதற்கு ஒரு பக்கம் போதும்.

போனில் இருக்கிற வீடியோவை இப்போது பார்க்க முடியாவிட்டால் பார்க்க வேண்டாம். ஆனால் யாரிடமாவது கொடுத்து, லேப்டாப்பிலோ பென்டிரைவிலோ ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். போன் தண்ணீரில் விழுந்து எல்லாம் போய்விட்டது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். குறிப்பாக அவன் குரைக்கிற சத்தம் உள்ள வீடியோ. முகம் படத்தில் இருந்துவிடும், குரல் அப்படி இல்லை.

படம் மாட்டுவதைப் பற்றி. நாத்தனார் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. அவருக்கு அது அப்பாவுக்கு மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் நாய்க்கு இடம் கொடுப்பது நம் மரபில் இல்லாதது என்று யாராவது சொன்னால், அது சரியில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவருக்கு நட்ட கல். அவர் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. நாயின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூரில் 10ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று உண்டு. காட்டுப்பன்றியோடு மோதி இறந்த காளி என்ற வேட்டை நாய்க்காக நட்டது. அந்தக் கல்லுக்குப் பூசை நடக்க நிலம்கூட விட்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் மாமியார் கேட்பது புதிதாக முளைத்த ஆசை ஒன்றும் இல்லை.

என் யோசனை இது. மாமனாரும் ஜானியும் சேர்ந்து இருக்கிற படம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது காலடியில் கிடக்கிற மாதிரி ஒன்று நிச்சயம் யாராவது எடுத்திருப்பார்கள். அதைப் பெரிதாக்கி மாட்டுங்கள். நாத்தனாருக்கு அது அப்பா படம், மாமியாருக்கு இரண்டு பேரும். பொட்டு வைப்பதா, மாலை போடுவதா என்பதை மாமியாரே முடிவு செய்யட்டும். திதி கேட்டார் அல்லவா? சாஸ்திரம் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஜானி போன தேதியில், அவனுக்குப் போடுகிற அதே உப்பில்லாத சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து தெரு நாய்களுக்கு வைப்பதில் எந்தத் தடையும் இருக்க முடியாது. நீங்கள் கை மறந்து எடுத்து வைக்கிற அந்தப் பிடி சோற்றையும் திரும்பப் பானையில் போடாதீர்கள். வாசலில் வையுங்கள், கூடவே ஒரு சட்டியில் தண்ணீர். கை பழகிய வேலை, சில நாள் செய்துகொண்டிருக்கட்டும்.

புதைத்த இடத்தைப் பற்றி ஒரு மருத்துவ விஷயம். அந்த ஊசி மருந்து உடம்பில் நெடுநாள் தங்கும். தெரு நாயோ நரியோ தோண்டித் தின்றால் அவற்றின் உயிருக்கே ஆபத்து. குழி நாலடி ஆழமாவது இருந்ததா, கிணற்றிலிருந்து தள்ளி இருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஆழம் குறைவு என்று தோன்றினால் மேலே மண்ணை நன்றாக மேடு கட்டி, கனமான பலகைக் கல் ஒன்றைப் போட்டுவிடுங்கள். மாமியார் விளக்கு வைக்கவும் அது வசதி. பையனை அதில் பெயர் எழுதச் சொல்லுங்கள்.

மீதி மாத்திரைகளை வேறு நாய்க்குக் கொடுக்க வேண்டாம். கிட்னி நோய்க்கென்று தீவனப் பை வாங்கியிருந்தால், அது புரதமும் பாஸ்பரசும் குறைத்துச் செய்தது, வளர்கிற குட்டிக்கு ஆகாது. கழுத்துப் பட்டையையும் சங்கிலியையும் எடுத்துப் பெட்டிக்குள் ஒளிக்கவும் வேண்டாம், கண்ணெதிரே வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் யாருக்கு வேண்டுமோ அவர் வைத்துக்கொள்ளட்டும்.

உங்களையும் மாமியாரையும் பற்றி ஒரு கவலை. ஒரு மாதத்தில் அழுகை நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் வயதானவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் தாறுமாறாகும். அவரை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்கும் தூக்கமே வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ, தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நாய்க்காக அழுகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாகக் குட்டி. உங்கள் கணவர் அவசரப்படுவதை மறதி என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் உட்கார முடியாமல் எழுந்து போன மனிதர் அவர். காலையில் சங்கிலி பிடித்த கை இப்போது சும்மா இருக்கிறது, அதை அவரால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாளைக்கு அதே நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் அதே வழியில் நடந்துவிட்டு வாருங்கள். பேசுவாரோ மாட்டாரோ, நடக்கட்டும். வருகிற குட்டி செய்வதையெல்லாம் “ஜானி இப்படிச் செய்ய மாட்டான்” என்று அளந்து பார்க்கிற வீட்டில் அந்தக் குட்டி பாவம். பையன் உண்மை தெரிந்து அழுது முடிக்கட்டும், மாமியார் பழையபடி தட்டில் சாப்பிடட்டும், பிறகு எடுங்கள். ஜானி என்றே பெயர் வைக்காதீர்கள். குட்டி 8 வாரமாவது தாயிடம் இருந்திருக்க வேண்டும். ஜானியின் நோய் ஒட்டுவது இல்லை, அதனால் பழைய கிண்ணத்தையே கழுவிப் பயன்படுத்தலாம். பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற தொற்று நோய்களுக்கான முதல் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் போட ஆரம்பிக்க வேண்டும், வெறிநாய்த் தடுப்பூசி 3 மாதத்தில். எடுக்கிற சமயத்தில் எழுதுங்கள், முழு அட்டவணையும் தருகிறேன்.